வரம் கிடைத்த கச்சான்காரன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கையில் போனை வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்க அலைகிற வன்னிப் பிள்ளைகளுக்கானது இன்றைய பேச்சு. சாதாரண மனுசன் ஒருவனுக்குக் கடவுளின் சக்தி கிடைக்கிற சிரிப்புப் படத்தை எப்படிக் கட்டுவது, அது எந்த இடத்தில் சறுக்கும் என்று பார்ப்போம்.

இந்த வகையில் பலரும் பார்த்தது 2003 இல் வந்த ‘புரூஸ் ஓல்மைட்டி’. ஜிம் கேரி தொலைக்காட்சி நிருபர், மோர்கன் ஃப்ரீமன் கடவுள். அந்தக் கதையைத் தூக்கி நிறுத்துவது கடவுள் போடுகிற இரண்டு நிபந்தனைகள். சக்தி கிடைத்ததை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அடுத்தவரின் சுயவிருப்பத்தில் கைவைக்கக்கூடாது. ஆகவே அவன் நிலவைக் கயிறு போட்டு இழுப்பான், காதலியின் மனதை இழுக்க மாட்டான். வேலியில்லாத தோட்டத்தில் மாடு மேய்ந்தால் யாரும் சிரிப்பதில்லை. வேலிக்குள் தலை மாட்டிக்கொண்டால்தான் ஊர் கூடும். எழுதத் தொடங்கும்போதே உங்கள் வேலியை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

2008 இல் சிம்புதேவன் இயக்கிய ‘அறை எண் 305-ல் கடவுள்’ வேறு வழியில் போகிறது. அதில் சக்தி ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி கைமாறினதும் பிரகாஷ்ராஜின் கடவுள் வெறுங்கையோடு நிற்கிறார். சின்னச் செலவில் படம் எடுப்பவர்களுக்கு இது நல்ல உபாயம். பெட்டியைக் கமரா காட்டும், சக்தியை எப்படிக் காட்டுவது?

அடுத்தது விளைவு. புரூஸ் வந்த வேண்டுதல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடியாக ‘ஆம்’ என்கிறான். லொத்தரில் ஊரே வெல்கிறது, ஆளுக்கு 17 டொலர்தான் தேறுகிறது. கணக்குச் சரியாக இருப்பதால்தான் அந்தச் சிரிப்பு. எச்.ஜி.வெல்ஸின் கதையை வைத்து 1936 இல் வந்த படத்தில் ஒருவன் பூமியைச் சுற்றாதே என்கிறான். பூமி நிற்கிறது, மேலே இருந்ததெல்லாம் பறக்கிறது. கிளிநொச்சி இருக்கிற இடத்தில் நிலம் மணிக்கு ஏறக்குறைய 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் சட்டி பானை மட்டுமா போகும்?

இனி நம்முடைய மண்ணுக்கு வருவோம். ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டுகிற வாகனம் நின்றுதான் போகும். தேங்காய் உடைபடும், கச்சான், அதாவது நிலக்கடலை, விலைப்படும். அந்தக் கச்சான்காரனுக்கே வரத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு தேங்காய் உடையும்போதும் உடைத்தவரின் வேண்டுதல் அவன் காதில் விழட்டும். ‘டமார்’ என்ற சத்தமும் பின்னாலே ஒரு குரலும் போதும், செலவே இல்லை.

முதலாவது தேங்காய்: “பிள்ளையாரே, நெல்லு ரோட்டில காயுது, மழையைத் தந்திடாதையும்.” ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்காவிட்டால் அவருடைய நெல் நல்ல விலைக்குப் போகாது. இரண்டாவது தேங்காய்: “ஒரு மழை தாரும், கச்சான் பிடுங்கவேணும்.” நிலம் இறுகிக் கிடந்தால் செடிதான் கையோடு வரும், காய் அறுந்து மண்ணுக்குள்ளே நின்றுவிடும். இரண்டுமே நியாயமான கேள்வி, இரண்டும் ஒரே கிழமையில் வருகிறது. வில்லன் தேடி அலைய வேண்டியதில்லை.

அவன் கெட்டித்தனமாக, கச்சான் நிற்கிற ஒரு ஏக்கருக்கு மட்டும் ஒரு அங்குல மழையை இறக்குகிறான் என்று வையுங்கள். அது ஒரு இலட்சத்து மூவாயிரம் லீற்றர் வரும். 5,000 லீற்றர் பவுசரில் இருபது தடவைக்கு மேல் ஏற்ற வேண்டிய தண்ணீர். 15 அடி விட்டமுள்ள கிணற்றில் 20 அடி தண்ணீர் நின்றால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் எங்கிருந்தாவது வரவேணுமே, அப்ப பக்கத்துக் காணிக் கிணறு வற்றட்டும். அந்த வீட்டம்மா நாளைக்குத் தேங்காயோடு வருவா.

ஒரு எச்சரிக்கை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதை அறிந்த சனத்துக்கு நீங்கள் படம் காட்டுகிறீர்கள். தானாக விளக்கு எரிகிற காட்சியை வைத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள், சிரிக்க மாட்டார்கள். பகிடி வரம் வாங்கினவன் மேலே விழ வேண்டும்.

தந்திரக் காட்சிக்குக் கணினி வேண்டாம். பொருள் மறைய வேண்டுமென்றால் போனை ஸ்ராண்டில் இறுக்கி, வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டி, ஒரே ஓட்டமாகப் பதியுங்கள். நடிகர் கையை மேசையில் ஊன்றி அசையாமல் நிற்க, இன்னொருவர் பொருளை எடுக்கட்டும். இடையில் உள்ளதைப் பிறகு வெட்டிவிடலாம். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு முகில் சூரியனைக் கடந்தாலே வெட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

‘புரூஸ் ஓல்மைட்டி’ படத்தில் தக்காளிச் சூப் இரண்டாகப் பிளக்கும். நாங்கள் பருப்புக்கறியைப் பிளப்போம். தட்டையான கோப்பையில் இரண்டு பக்கமும் பருப்பை வைத்து, நடுவே அது கூடுவதைப் பதிந்து, பின்னோக்கி ஓட்டுங்கள். தேங்காய்ப்பால் அதிகமானால் கண் இமைக்குமுன் கூடிவிடும், இறுகினால் அசையவே அசையாது. கரண்டியிலிருந்து மெல்ல வழிகிற பதம் சரி. கறி ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் ஆவி மேலிருந்து கீழே கோப்பைக்குள் இறங்கும்.