மூன்றரை வீடு

வணக்கம் மக்களே. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா? திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதோ ஆற்றுக்குள் நிற்கிறது பாருங்கள், முருகன் கோயில். பெருவெள்ளம் வந்தால் கோயிலே முங்கிவிடும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் மேலே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வடிந்த பிறகு சகதியைக் கழுவிவிட்டு மறுபடி பூசை. ஆற்றுக்கு நடுவில் குடியிருப்பது என்றால் எனக்கு இந்த முருகன்தான் ஞாபகத்துக்கு வருவார். கனடாவில் என் மாண்ட்ரியல் வீடும் ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவில்தான் இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேச இங்கே வந்து உட்கார்ந்தேன்.

நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். "ஒரே ஒரு படுக்கையறை, அதற்கு இவ்வளவு கடனா?" விலையைச் சொல்ல மாட்டேன். இந்த வீடியோவை எங்கள் ஆச்சி பார்ப்பாள்.

மாண்ட்ரியலில் வீட்டை "மூன்றரை" என்று சொல்வார்கள். பிரெஞ்சில் த்ருவா எ தெமி. ஹால் ஒன்று, சமையல் ஒன்று, படுக்கையறை ஒன்று, ஆக மூன்று. குளியலறைதான் அந்த அரை. முதல் தடவை விளம்பரத்தில் பார்த்தபோது அரை அறை என்றால் பாதிச் சுவர் வைத்துக் கட்டியிருப்பார்களோ என்று நினைத்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தால், திருநெல்வேலி டவுனில் நான் பிறந்து வளர்ந்த வளவு வீடும் அதே கணக்குத்தான். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல வீடுகள். தார்சா என்ற முன்கட்டு, பட்டாசல் என்ற கூடம், அடுக்களை. மூன்று. அந்த அரை மட்டும் வீட்டுக்குள் கிடையாது, புறவாசலில் பத்து வீட்டுக்கும் பொது. காலையில் வாளியோடு வரிசையில் நின்றவன் நான். அந்த அரை முழுசாக எனக்கே சொந்தம் என்று ஆனபோது வந்த சந்தோஷம், வளவில் வளராதவர்களுக்குப் புரியாது.

சரி, தீவு. பிரெஞ்சில் இல் தே ஸேர், ஆங்கிலத்தில் நன்ஸ் ஐலண்ட். கன்னியாஸ்திரிகள் தீவு. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இருக்கிறது. நோத்ர் தாம் சபைக் கன்னியர்கள் 1956 வரை அதை வைத்திருந்தார்கள், தோட்டமும் துரவுமாக. பிறகு விற்றுவிட்டார்கள். 1962இல் ஷாம்ப்ளேன் பாலம் வந்தது, குடியிருப்புகளும் முளைத்தன. மீஸ் வான் டெர் ரோ என்ற பெரிய கட்டிடக் கலைஞர் அங்கே அடுக்குமாடிகள் வரைந்து கொடுத்தார், ஒரு பெட்ரோல் பங்க் கூட வரைந்தார்! அந்த பங்க் இப்போது ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடும் மையம். பெட்ரோல் பம்பு நின்ற இடத்தில் அதே மாதிரி நிற்பது, பூமிச் சூட்டில் கட்டிடத்தைக் கதகதப்பாக்கும் ஏற்பாட்டுக்குக் காற்று இழுக்கிற குழாய். நம் ஊரில் பழைய பங்க்கை என்ன செய்வோம்? கல்யாண மண்டபம் கட்டியிருப்போம்.

2023 ஜூலை 31 முதல் தீவுக்கு ரயிலும் வந்துவிட்டது. டிரைவர் இல்லாத வண்டி. பத்து நிமிடத்துக்குள் ஊருக்கு நடுவில் இறக்கிவிடும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இவ்வளவு அமைதியா என்றுதான் வாங்கினேன். லாக் தே பாத்யூர் என்று ஒரு ஏரி, பக்கத்தில் சின்னக் காடு. பனி கொட்டிய ராத்திரி ஜன்னலைத் திறந்தால் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். கூந்தன்குளத்தில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள் இல்லையா, அந்த ஊர்க்காரர்களைக் கூட்டி வந்தால் ஒத்துப்போவார்கள்.

நான் ஒத்துப்போக நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இட்லிக்கு மாவு ஆட்டினேன். கிரைண்டர் கல் சுற்றுவது நமக்குத் தாலாட்டு. கீழ் வீட்டுப் பாட்டி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, மேலே யாராவது தரையைத் தோண்டுகிறார்களா என்று கேட்டார். இப்போது சனிக்கிழமை மத்தியானம்தான் ஆட்டுகிறேன், கிரைண்டருக்கு அடியில் பழைய ஜமுக்காளம் மடித்துப் போட்டு. பாட்டிக்கு இட்லி கொடுத்தேன். சாம்பார் வேண்டாம் என்றார், மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டார். கறிவேப்பிலைக்கு மட்டும் பார்க் எக்ஸ்டென்ஷன் வரை போக வேண்டும். தீவின் பெரிய குறை அதுதான்.

இல்லை, பெரிய குறை அதுவல்ல. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காண்டோ வாங்குவதாக இருந்தால் யாருக்கும் இது உதவும், சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கும்கூட.

காண்டோ என்றால் வளவுதான். வீடு உனக்கு, மற்றதெல்லாம் எல்லாருக்கும். கூரை, லிப்ட், வண்டி நிறுத்துகிற பேஸ்மென்ட், பனி அள்ளுகிற கூலி, கட்டிடத்துக்கான இன்சூரன்ஸ், எல்லாம் பொது. மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும். எங்கள் வளவில் கிணறு தூர் வாரும்போது முதல் வீட்டு அண்ணாச்சி நோட்டும் கையுமாக வருவார். "நான் மாடியில இருக்கேன், நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று ஒருவர் கட்டாயம் சண்டை போடுவார். அங்கே அண்ணாச்சிக்குப் பதில் சிண்டிகேட் என்று ஒரு சங்கம். சண்டை அதே சண்டைதான், பிரெஞ்சில் நடக்கும்.

அந்த மாதக் காசில் ஒரு பங்கை எதிர்காலப் பெரிய வேலைகளுக்கு என்று தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வீட்டை வாங்காதீர்கள். நான் பார்த்தேன். ஆனால் சங்கக் கூட்டக் குறிப்புகளைச் சரியாகப் படிக்கவில்லை. என் பிரெஞ்சு அப்போது கடையில் பால் வாங்குகிற அளவு. குறிப்பில் "அன்ஃபில்த்ராஸியோன்" என்று நாலு இடத்தில் இருந்தது. ஏதோ கம்ப்யூட்டர் விஷயம் என்று தாண்டிவிட்டேன். தண்ணீர் கசிவு! பேஸ்மென்ட் கூரையில் வருடக் கணக்காகக் கசிந்திருக்கிறது, நிதியில் இருந்த பணம் அதற்குப் பத்தவில்லை. நான் குடிபோன எட்டாம் மாதம் வீட்டுக்கு வீடு கூடுதல் வசூல். ஊருக்கு வர வைத்திருந்த டிக்கெட் காசு அதோடு போயிற்று. அந்த வருடம் பொங்கலுக்கு வரவில்லையே ஏன் என்று கேட்டவர்களுக்கு "லீவு கிடைக்கல" என்றேன். மன்னிச்சுக்கோ ஆச்சி.

இன்னொன்று, வெந்நீர்த் தொட்டி. நம் கீசர் மாதிரி சுவரில் தொங்குகிற சின்னதல்ல, ஆள் உயரத்துக்கு நிற்கும். பல கட்டிடங்களில் பத்து வருடம் ஆனால் நன்றாக ஓடினாலும் மாற்றியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வெடித்தால் கீழே இருக்கிற வீடெல்லாம் நனைந்துவிடும். வீடு பார்க்கப் போனால் பால்கனியில் நின்று ஆற்றைப் படம் எடுக்கிறோம். முதலில் அந்த அலமாரியைத் திறந்து, தொட்டியில் ஒட்டியிருக்கிற வருடத்தைப் பாருங்கள்.

கரண்ட் பில்லை அங்கே எல்லாரும் "ஹைட்ரோ" என்பார்கள், ஆற்றுத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம். நமக்குப் பாபநாசம் இருக்கிறதே, அந்த மாதிரி, ரொம்பப் பெரிய அளவில். குளிரில் சூடாக்குவதும் அதில்தான்.

பத்திரம் நோட்டரியிடம் முடியும். முடிந்து சில மாதம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு பில் வரும், பேச்சுவழக்கில் "வரவேற்பு வரி". வா வா என்று கூப்பிட்டு வரி கேட்கிற ஊர் அது. அதை வீட்டுக்கடனில் சேர்க்க முடியாது, கையில் வைத்திருக்க வேண்டும். அப்புறம், இங்கிருந்தே ஒரு காண்டோ வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்டவர்களுக்கு: வெளிநாட்டவர் வீடு வாங்க கனடாவில் 2023 ஜனவரி 1 முதல் தடை போட்டு, அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, உள்ளவர்களுக்குத் தடை இல்லை.

நேற்று ஆச்சிக்கு வீட்டின் படத்தைப் போனில் காட்டினேன். ஆறு நல்லா இருக்கு என்றாள், பாலம் நல்லா இருக்கு என்றாள். கடைசியில் வீட்டு பிளானைப் பெரிதாக்கச் சொல்லி விரலை வைத்துக் கேட்டாள்: "ஏல, அடுக்களைச் செவரும் கக்கூஸ் செவரும் ஒண்ணாலே?"

ஒன்றுதான். இன்னும் பதில் சொல்லவில்லை.