ஓரடிப் பொந்தும் ஒரு மலைத்தொடரும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பிளாக் ஹில்ஸ் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த ரஷ்மோர் மலை அங்கேதான். நான் சொல்லப்போவது அதே தொடரின் தென்பகுதியில், தரையில் ஏறக்குறைய ஓரடி அகலமே உள்ள ஒரு பொந்தைப் பற்றி.

அந்தப் பொந்திலிருந்து காற்று வீசும். சில வேளைகளில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் கிளைபிரிந்து ஓடும் குகை, வாசலோ இத்தனூண்டு. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளிருக்கும் காற்று பீறிட்டு வரும், கூடினால் உள்ளே பாயும். 1881இல் பிங்கம் என்ற அண்ணன் தம்பி இருவர் இதைக் கண்டுபிடித்ததாகவும், ஒருவருடைய தொப்பியைக் காற்று தூக்கியடித்ததாகவும் சொல்வார்கள். கண்டுபிடித்தார்களாம்! அங்கத்திய பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் பூமிக்கு வந்ததே அந்த வாசல் வழியாகத்தான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

கதை இதுதான். ஆதியில் மனிதர்கள் பூமிக்கு அடியில் வாழ்ந்தார்கள். மேலே நிலம் இன்னும் தயாராகவில்லை, பொறுத்திருங்கள் என்று படைத்தவன் சொல்லியிருந்தான். மேலே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் இக்தோமி, சிலந்தி வடிவத் தந்திரக்காரன். இன்னொருத்தி அனோக் இதே. ஒரு பக்கம் அழகு முகம், மறுபக்கம் கோர முகம். சீண்டி விளையாட ஆளில்லாமல் இக்தோமிக்குப் பொழுது போகவில்லை. இருவரும் ஓர் ஓநாயின் முதுகில் தோலாடை, பழம், உலர்ந்த இறைச்சி எல்லாம் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். சுவைத்துப் பார்த்த சிலர் அதன் பின்னால் கிளம்பிவிட்டார்கள். தோகாஹே என்ற தலைவன் மட்டும் மற்றவர்களோடு கீழேயே நின்றுவிட்டான்.

மேலே போனவர்களுக்குக் கோடை நன்றாகத்தான் கழிந்தது. பனிக்காலம் வந்ததும் பட்டினி. சொல் கேட்காதவர்களைப் படைத்தவன் காட்டெருமைகளாக மாற்றினான். அதுதான் முதல் மந்தை. அப்புறம் நிலம் தயாரானதும் தோகாஹே மற்றவர்களை மேலே அழைத்து வந்தான். புறப்பட்ட இடத்தை அவர்கள் மறக்காதிருக்க, வாசல் ஓரடிப் பொந்தாகச் சுருங்கியது. இதே கதையின் இன்னொரு வடிவத்தில் தோகாஹேயே ஏமாந்து மேலே வருகிறான். எனக்கு அதுவும் பிடிக்கும்; முதல்வன் என்பதற்காக அவனுக்குச் சலுகை கிடையாது.

இந்தக் கதைப்படி காட்டெருமை அவர்களுக்கு உறவு. முன்னால் போய்ப் பட்ட சொந்தக்காரர்கள் பின்னால் வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். கோடிக்கணக்கில் இருந்த அந்த மந்தைகளைத் தோல் வியாபாரமும் ரயில் பாதையும் சேர்ந்து 1880களுக்குள் சில நூறாக்கிவிட்டன. குகையைச் சுற்றி 1903இல் தேசியப் பூங்கா அமைந்தது. 1913இல் அங்கே விடுவதற்கு 14 காட்டெருமைகளை நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து ரயிலில் கொண்டுவர வேண்டியிருந்தது.

மலை கைமாறிய விதத்தையும் சொல்ல வேண்டும். 1868ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸை லகோட்டா உள்ளிட்ட சூ என்ற பூர்வகுடி மக்களுக்கே உரியதாக்கியது. நிலத்தைப் பிறகு விட்டுக்கொடுப்பதென்றால் வயதுவந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் போன படை தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. மலையை விட்டுக்கொடுக்காவிட்டால் உணவுப் பங்கீட்டை நிறுத்திவிடுவோம் என்ற அரசின் மிரட்டலுக்குப் பிறகும் கிடைத்தவை பத்தில் ஒரு பங்கினரின் கையெழுத்துகளே. ஆனாலும் 1877இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு மலையை எடுத்துக்கொண்டது.

1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது: வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கும் மேல். சூ மக்கள் அதை வாங்கவில்லை. கருவூலத்தில் கிடந்து வட்டி ஏறி அது இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. லகோட்டா மக்களில் பலர் வாழும் பைன் ரிட்ஜ் என்ற பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம், நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. பிறந்த வாசலுக்கு எப்படி விலை வாங்குவது என்பது அவர்கள் கேள்வி. தனியார் வீடுகளையும் பண்ணைகளையும் தொடாமல், அரசின் கையிலுள்ள பதின்மூன்று லட்சம் ஏக்கரை மட்டும் திருப்பித் தர வழிசெய்யும் மசோதா ஒன்றை செனட்டர் பில் பிராட்லி 1980களில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.