மலையில் ஓடும் வண்டிக்குக் கறுப்புப் பூச்சு தேவையா?

நேயர்களுக்கு வணக்கம்.

புது கார் எடுக்கப் போனால், இன்சூரன்ஸ், சீட் கவர், மேட் எல்லாம் பேசி முடித்தபின் ஷோரூம்காரர் கடைசியாக ஒன்று கேட்பார். "சார், நீங்க ஊட்டிப் பக்கம். மழையும் பனியும் ஜாஸ்தி. அண்டர்பாடி கோட்டிங் போட்டுடலாமா?" வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமலிருக்க அடிக்கும் கறுப்புப் பூச்சைத்தான் சொல்கிறார். லட்சக்கணக்கில் கொடுத்தாயிற்று, இன்னும் சில ஆயிரம்தானே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். கோத்தகிரியில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பதால், அந்தக் காசுக்குப் பலன் உண்டா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் புது காருக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்றுதான் சொல்வேன். பட்டறைக்காரரே இப்படிச் சொன்னால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று என் வீட்டிலேயே திட்டுகிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் காய்கறி, உரம் ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். அதோடு உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு ஆகிவிடும். கனடா மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் சாலைப் பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். அது சேறோடு கலந்து வண்டியின் அடியில் அப்பிக்கொள்ளும். துருத்தடுப்புப் பூச்சு அங்கே பெரிய தொழிலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் ஊரில் என்றால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையைச் செய்கிறது. நீலகிரியில் இரண்டும் இல்லை. தலைக்குந்தாவில் ஜனவரிக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், ஆனால் ரோட்டில் யாரும் உப்புப் போடுவதில்லை. குளிரில் துரு ஏறுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

நமக்கு இருக்கிற தொல்லை, நனைந்தது காய்வதில்லை என்பதுதான். கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் கொட்டும். மழை விட்டாலும் மேகம் இறங்கி நிற்கும். நனைந்த காரை அப்படியே ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலையிலும் அடித்தகட்டில் ஈரம் இருக்கும். காற்றோட்டமில்லாத ஷெட்டைவிட, மேலே கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகையே வண்டிக்கு நல்லது.

சரி, புது காருக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? இப்போது தொழிற்சாலையிலேயே முழு பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பிரைமர் ஒட்டும்படி செய்கிறார்கள். அந்தப் பூச்சு சுமார் 20 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இருந்தாலும் வெளியே பட்டறையில் எந்தக் கொம்பனாலும் அப்படிப் பூச முடியாது. பல கார்களில் துத்தநாகம் பூசிய தகடும் சேர்ந்து வருகிறது. அதன்மேல் நாம் அடிக்கும் கறுப்புப் பூச்சு தெறிக்கும் கல்லைத் தாங்கும், சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். அதற்காகப் போட்டுக்கொள்பவர்களை நான் தடுப்பதில்லை.

ஆனால் துரு பெரும்பாலும் ஆரம்பிப்பது நாம் பார்க்கும் அடிப்பக்கத்தில் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதி இருக்கிறதே, எங்கள் பாஷையில் ரன்னிங் போர்டு, அதன் உள்ளேதான். கதவின் அடிப்பகுதியும் அப்படித்தான். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்கென்றே கீழ் விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. பூச்சு அடிக்கும் பையன் அவசரத்தில் அதன்மேலும் சேர்த்து அடித்துவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். தண்ணீர் உள்ளேயே நிற்கும். துருவைத் தடுக்கக் கொடுத்த காசு துருவை வளர்க்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயின்ட் கடுகளவு உப்பியிருக்கும், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், அந்த இடம் வந்ததும் சத்தம் செத்துவிடும். முனையை வைத்து லேசாக அழுத்தினால் போதும், உள்ளே இறங்கிவிடும். காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டும், கூடவே வெங்காயத் தோல் மாதிரி தகட்டுச் செதில்கள் உதிரும். அதற்கப்புறம் பூச்சுக்கெல்லாம் வேலை இல்லை. வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டியதுதான்.

இப்போது பிக்கப்காரர்களுக்கு வருகிறேன். ரோட்டில் உப்பு இல்லை என்றேன். ஆனால் நாமே உப்பை மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றுகிறோம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் பொட்டாஷ் உரம் இருக்கிறதே, பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஓர் உப்புதான். சாப்பாட்டு உப்பு இரும்பை என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். சாக்கு கிழிந்து கொட்டும் தூள் பின்பக்கத் தொட்டியின் மடிப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேகம் இறங்கும் நாட்களில் மழையே வேண்டாம், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து அதுவே கசியத் தொடங்கும். தொட்டித் தகடு சேஸிஸோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொருக்கும் அதன் அடியில் ஆரஞ்சு நிறக் கறையும் தெரிந்தால் அது பொட்டாஷின் வேலை. கோழி எருவும் லேசுப்பட்டதல்ல. உரம் ஏற்றி இறக்கிய அன்றே, பெருக்கிவிட்டால் மட்டும் போதாது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இந்த வண்டிகளுக்குத் துருத்தடுப்பு அவசியம். ஆனால் தார் மாதிரி காய்ந்து இறுகும் கறுப்புப் பூச்சு வேண்டாம். நாளாவட்டத்தில் அது வெடிக்கும், வெடிப்புக்குள் ஈரம் புகுந்து, பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் மறைவாக அரிக்கும். மெழுகு கலந்த, காய்ந்தாலும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கிற திரவம் கிடைக்கிறது. நீளமான டியூப் வைத்து ரன்னிங் போர்டுக்குள், கதவுக்குள், சேஸிஸ் இடுக்குக்குள் அதை அடிக்க வேண்டும். நிரந்தரம் கிடையாது, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் சொந்தக் கார் வைத்திருப்பவர்களும், ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டும் எண்ணமிருந்தால், இதைச் செய்யலாம். புது வண்டியாக இருந்தால், ஓட்டை போட்டு அடித்தால் வாரன்டி போய்விடுமா என்று முதலில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய ஆயிலை அடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் அடியில் இணைப்புகளில் இருக்கும் புஷ் ரப்பரெல்லாம் ஊறிப் பெருத்துவிடும், முதல் மழையில் ஆயில் ஓடைக்குப் போகும். நம் ஓடைத் தண்ணீர்தான் கீழே பலருக்குக் குடிதண்ணீர். பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். லேசாக மின்சாரம் பாய்ச்சித் துருவைத் தடுக்கும் அந்த முறை கடலில் நிற்கும் கப்பலுக்கும் மண்ணுக்குள் போகும் பைப்புக்கும் பலிக்கும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது உதவாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருட வண்டி, அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு மினுமினுக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கடற்கரை ஊரில் ஓடி மலையேறி வந்த வண்டியாக இருக்கலாம். டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி, அந்தக் குழியைப் பாருங்கள். அங்கே யாரும் பூச்சு அடிப்பதில்லை.

பூச்சு போடுவதென்று முடிவு செய்தால் பிப்ரவரி, மார்ச்சில் போடுங்கள். ஈரத் தகட்டின்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். முடிந்தால் வண்டியை நன்றாகக் கழுவி, மேட்டுப்பாளையம் வெயிலில் ஒரு நாள் முழுக்க நிறுத்திக் காயவைத்து, அங்கேயே போட்டுக்கொண்டு ஏறலாம். சைலன்சர்மேல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சூட்டில் கருகிப் புகையும். காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்காரரிடம், கதவுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் ஓட்டைகளை அடிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். டேப் ஒட்டி மறைப்போம், இல்லை குச்சி செருகி வைப்போம் என்று சொன்னால் வண்டியை விடலாம். எந்த ஓட்டை என்று அவர் திருப்பிக் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.