முப்பது ஆண்டு உறங்கிய மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பாதீர்கள்

(திரையில்: நெற்களஞ்சிய அறையின் கதவு திறக்கிறது. மூடைகளுக்குப் பின்னால், தூசி படிந்த மோட்டார் சைக்கிள்.)

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துருவும் எலியும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்யாத சேதத்தை, ஆசை மிகுதியால் விழும் ஒரேயொரு உதை செய்து முடித்துவிடும். ஆகவே இந்த வண்டியின் கிக்கரில் எவரும் கால் வைக்க வேண்டாம். வீட்டுக்காரரின் மருமகன் ஏற்கெனவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். அவரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம்.

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டின் பின்னறையில் நிற்கும் இந்த வண்டி, பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பான்டம் டீ-1. 123 சி.சி. ஈரடிப்பு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின், மூன்று கியர், 1948 முதல் 1963 வரை தயாரிக்கப்பட்ட வகை. 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பம் திரும்பி வந்த பின்னரும் இதை எவரும் ஓட்டவில்லை. வண்டியின் வரலாறாக இவ்வளவு போதும், ஏனெனில் இதன் வம்ச வரலாறு இதைவிடச் சுவையானது.

(திரையில்: பான்டம் எஞ்சினின் வலப்புறம், நெருக்கத்தில்.)

இந்த எஞ்சினைப் பிரித்தானியர் சிந்தித்து உருவாக்கவில்லை. இதன் மூலம், ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்னும் ஊரில் இயங்கிய டீ.கே.டபிள்யூ. தொழிற்சாலை 1939 இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்ற சிறிய வண்டியாகும். அக்காலத்து ஈரடிப்பு எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனின் தலை மேடாக இருக்கும். புதிதாக உள்ளே வரும் வாயு நேரே புகைவழிக்குள் ஓடிவிடாதபடி அந்த மேடுதான் அதைத் திருப்பிவிடும். டீ.கே.டபிள்யூ. அந்த மேட்டைக் கைவிட்டு, சிலிண்டர்ச் சுவரின் துளைகளையே சாய்வாக அமைத்து, வாயுவைச் சுழன்று வரச் செய்தது. பிஸ்டன் இலேசானது, வெப்பம் குறைந்தது, பெற்றோல் மிச்சமானது. போரில் ஜேர்மனி தோற்றபோது, இந்த வரைபடங்களுக்குக் காப்புரிமை கேட்க ஆளில்லாமல் போயிற்று. போர் இழப்பீடு என்ற பெயரில் சோவியத் ஒன்றியம் தொழிற்சாலை இயந்திரங்களையே கழற்றிக்கொண்டு போய் மொஸ்கோவில் வண்டி செய்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் அதே வரைபடங்களை வைத்து 125 சி.சி. வண்டி ஒன்றை வெளியிட்டது. ஆம், இடி போல் முழங்கும் அதே ஹார்லிதான். அது ஒரு காலத்தில் நம்முடைய பான்டத்தைப் போலப் பொரிந்துகொண்டு ஓடும் சின்ன வண்டியும் விற்றது என்பதை ஹார்லி இரசிகர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

பிரித்தானியாவில் பி.எஸ்.ஏ. செய்த காரியம் இன்னும் வேடிக்கையானது. ஜேர்மன் வண்டியின் கியர் இடப்பக்கம். பிரித்தானியர் வலக்காலால் கியர் மாற்றிப் பழகியவர்கள். எனவே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி, மில்லிமீற்றர் அளவுகளை அங்குலத்துக்கு மாற்றி வரைந்துகொண்டார்கள். இந்த வண்டியின் கிக்கரும் கியரும் ஒரே பக்கத்தில், வலப்பக்கத்தில் இருப்பதன் காரணம் இதுதான்.

இனி நமக்குப் பிடித்த பகுதி. 1955 இல் யப்பானில், ஓர்கன், பியானோ முதலிய இசைக்கருவிகள் செய்துவந்த ஒரு நிறுவனம் தன் முதலாவது மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதற்கும் மாதிரி இதே ஜேர்மன் வண்டிதான். மூன்று கியருக்குப் பதிலாக நான்கு வைத்து, செம்மை கலந்த நிறம் பூசினார்கள். யப்பானியர் அதைச் ‘சிவப்புத் தும்பி’ என்று அழைத்தார்கள். வெளிவந்த அதே ஆண்டில் ஃபூஜி மலையேற்றப் போட்டியிலும் அது வென்றது. அந்த நிறுவனத்தின் பெயர் யமஹா. ஆகவே மட்டக்களப்பு நகரில் எஃப்.இசட். வண்டியில் பறக்கும் தம்பிமார், அம்மப்பாவின் பான்டத்தைப் பார்த்து இனிச் சிரிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

(திரையில்: எஞ்சினின் குறுக்குவெட்டுப் படம்.)

உதைக்க வேண்டாம் என்பதற்கான காரணத்துக்கு வருவோம். நாலடிப்பு எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும். ஈரடிப்பில் அப்படி ஒன்று இல்லை; பெற்றோலுடன் கலந்து வரும் ஒயில் மட்டுமே உள்ளிருக்கும் பேரிங்குகளை நனைக்கிறது. நிறுத்திவிட்டால், எஞ்சியிருக்கும் மெல்லிய படலம் ஈரக்காற்றில் ஆண்டுதோறும் தேய்ந்து போகும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டருடன் துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் பலவந்தமாக உதைத்தால் வளையம் உடைந்து, அதன் துண்டு சிலிண்டர்த் துளையில் சிக்கி, பிஸ்டனையும் சுவரையும் கீறிவிடும். ஹொண்டா சி-50, சி.டி. 125 வைத்திருப்பவர்களும் தப்பிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். அவற்றில் வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் சம அளவில் கலந்து அந்தத் துளையால் ஊற்றிவிட்டு, ஒரு கிழமையாவது பொறுத்திருங்கள். பின்னர் மூன்றாம் கியரில் இட்டு, பின்சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். முதலாம் கியரைவிட மூன்றாம் கியரில் சில்லிலிருந்து எஞ்சினுக்குக் கிடைக்கும் நெம்புவலு அதிகம் என்பதால்தான் அந்தக் கியர். அசையாவிட்டால் மீண்டும் ஊற்றிப் பொறுத்திருங்கள். சிலிண்டருக்கு வெளியே சுடுநீர் ஊற்றிப் பார்க்கலாம். பிஸ்டனைச் சுத்தியலால் தட்டும் யோசனை சொல்கிறவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிஸ்டன் அசைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து எஞ்சினை இயக்கிவிடுவோர் அநேகர். கடதாசிபோல் காய்ந்துபோன ஒயில் சீல்களின் வழியாக எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சும், கலவையில் பெற்றோலும் அதனோடு ஒயிலும் குறையும், வெப்பம் ஏறும். கராஜில் இனிமையாக இயங்கிய வண்டி, ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்து, சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றி, இணைப்புத் தண்டை மேலும் கீழுமாக இழுத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மாற்றுவழி கிடையாது. சிலிண்டர் குழிவிழுந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைச் சற்று அகலக் குடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டன் போடலாம்.

இதற்கெல்லாம் முன்னர் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்டேயாக வேண்டும்: 2004 டிசம்பர் 26 இல் இந்த அறைக்குள் கடல்நீர் வந்ததா? கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனைப் பக்கங்களில் கிடைக்கும் எந்தப் பழைய வண்டிக்கும் இக்கேள்வி பொருந்தும். உப்பின் குளோரைட்டு துருவுக்குள் ஒளிந்துகொண்டு, மேலே எவ்வளவு வர்ணம் பூசினாலும் உள்ளிருந்து அரித்துக்கொண்டேயிருக்கும். அத்தகைய வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் நன்னீரில் பலமுறை கழுவிய பின்னரே மற்ற வேலைகள். இந்த வண்டி கடல்நீர் காணவில்லை. அதன் புகைக்குழாயில் இருந்ததெல்லாம் குளவி கட்டிய மண்கூடுகள்தான். அவற்றை உடைத்து எடுத்ததில் ஒரு கோப்பை நிறைய மண் சேர்ந்தது.

(திரையில்: பெற்றோல் தாங்கிக்குள் சோடா நீர், நுரை, பற்றரி சார்ஜர்.)

பெற்றோல் தாங்கியின் துருவை நீக்க, கல்லைப் போட்டுக் குலுக்குவது முதல் அமிலம் ஊற்றுவது வரை பல வழிகள் உண்டு. வினாகிரி நிரப்பிச் சில நாள் வைத்து, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவுவதும் பலன் தரும். நமக்கு மிகவும் பிடித்தது மின்பகுப்பு. நான்கு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துத் தாங்கியை நிரப்புங்கள். பித்தளைக் குழாயைக் கழற்றி அந்தத் துளையை அடைத்துவிட வேண்டும். மூடித்துளையின் வழியாக ஓர் இரும்புக் கம்பியை, தாங்கியில் எங்கும் முட்டாதவாறு தொங்கவிடுங்கள். பற்றரி சார்ஜரின் எதிர்முனை தாங்கிக்கு, நேர்முனை கம்பிக்கு. கம்பி அரிபட்டு அழுக்காகும். தாங்கியின் துரு கறுத்து இளகி உதிரும். பிள்ளைகளுக்கு உயர்தர இரசாயனவியலைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். வெளிவருவது ஐதரசன் வாயு. ஆகையால் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம், கம்பியைக் கழற்றுமுன் மின்னை நிறுத்துங்கள். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்வையாகக் கரைந்து வரும்.

சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் பழுப்பேறும். எனவே வாடைக்காற்று வீசும் மாரியில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து சூடாக நம் பக்கம் இறங்கி வரும் கச்சான் காற்றை எல்லோரும் திட்டுகிறோம். தாங்கியை உலர்த்துவதற்கு அதைப்போல் உதவி வேறில்லை.

காபரேட்டரின் நுண்துளைகளைப் பழைய பெற்றோல் பசைபோல் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். மின்பொறிக்கு, மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும் பொயின்றைத் துடைத்து, அதனுடன் இணைந்த கண்டன்சரைக் கேள்வியின்றி மாற்றிவிடுங்கள்.

ஸ்பானர்களைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் ஊர்க் கராஜ்களில் பிரித்தானிய வண்டிகள் அழிவது அதனால்தான். கராஜில் தொங்கும் 10, 12, 14 ஸ்பானர்கள் மில்லிமீற்றரில் அமைந்தவை. இந்த வண்டியின் நட்டுகளுக்கு அவை கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் ஆறு மூலைகளையும் உருட்டிவிடுகிறது. இதற்குரியது விட்வேர்த் ஸ்பானர். 1841 இல் ஜோசஃப் விட்வேர்த் வகுத்த முறையில், ஸ்பானரில் பொறித்த எண் நட்டின் தலையகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தையே குறிக்கும். கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பானரின் வாய் கால் அங்குலத்தைவிட மிகப் பெரிதாயிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். விட்வேர்த் மரையின் கோணமும் 55 பாகை; இன்றைய மில்லிமீற்றர் மரை 60 பாகை. எனவே புதுப் போல்ட்டைப் பழைய துளையில் முறுக்கி ஏற்றினால் இரண்டும் கெடும். பழைய கருவிப்பெட்டி எவருடைய வீட்டிலாவது கிடந்தால் இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், எங்களுக்கு எழுதுங்கள்.

பிரேக் உருளையைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அக்காலத்துப் பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்டோஸ் உண்டு; நீரால் நனைத்துத் துடைத்தெடுங்கள். டயரும் ரியூபும் புதிதாகவே போடப்பட வேண்டும், பார்வைக்கு நன்றாயிருந்தாலும்.

வர்ணம் பற்றி எங்கள் கருத்து எல்லோருக்கும் பிடிக்காது. தொழிற்சாலை பூசிய வெளிர்பச்சை பாதியாவது எஞ்சியிருந்தால் அதை அப்படியே துடைத்து மெழுகிட்டு வைத்துவிடுங்கள். புதிய வர்ணத்தை எப்போதும் பூசலாம்; சுரண்டிய பழைய வர்ணம் திரும்ப வராது. சட்டகத்திலும் எஞ்சின் உறையிலும் பொறித்த இலக்கங்களை மணல் பீச்சியோ அரைத்தோ மங்கவைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இந்த வண்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த இலக்கங்களை வைத்துத்தான். 2022 இல் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் பங்கீடு தொடங்கியபோதும், செசி இலக்கம் எனப்படும் சட்டக இலக்கம் சரியாக இல்லாத வண்டிகள் வெளியே நின்றன. இலக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்: சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு இருந்தால் வண்டி 1957 க்கு முந்திய பதிவு, சிங்கள ஸ்ரீ இருந்தால் அதன் பின்னையது.

(திரையில்: எஞ்சின் இயங்குகிறது. நீலப்புகை. மருமகன் கைதட்டுகிறார்.)

பெற்றோல் 92 ஒக்டேன் போதும். இந்த எஞ்சினின் நெருக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வாயு நெருக்கப்படும் அளவு, தாழ்வானது. இதில் வால்வே இல்லாததால், ஈயம் நீக்கிய பெற்றோல் வால்வு இருக்கையைத் தேய்க்கும் என்ற கவலையும் இல்லை. ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் ஈரடிப்பு ஒயிலை ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். தாங்கியின் மூடியிலேயே ஒயில் அளக்கும் கிண்ணம் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனமான மூளைக்கு ஒரு வணக்கம். முதல் சில நூறு கிலோமீற்றர்கள் அரைத் திறப்புக்கு மேல் போகாமல் ஓட்டி, ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

மட்டக்களப்பு சமதரை என்பதால் இங்கு ஓட்டும்வரை கவலையில்லை. செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறிப்போய்த் திரும்பும் ஆசை வந்தால், இறக்கத்தில் எக்ஸிலேற்றரை முழுதாக மூடிக்கொண்டு எஞ்சினை இழுபடவிடாதீர்கள். பெற்றோல் நின்றால் ஒயிலும் நிற்கும். சில்லு சுழற்றும் வேகத்தில் எஞ்சின் வறண்டு சுழலும். கிளச்சைப் பிடித்து இறங்குங்கள், அல்லது இடையிடையே எக்ஸிலேற்றரைச் சற்றுத் திறந்து மூடுங்கள்.