சேலை முடிச்சில் இருந்த ஐயாயிரம்

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் நண்பர்களே, மழை தூறியும் கதிரையை விட்டு எழும்பாத மட்டக்களப்புக் கல்லடி மக்களே, வணக்கம்.

நீடித்த மகிழ்ச்சியைத் தருவது பொருள் சேர்ப்பதா, எளிமையாக வாழ்ந்து பிறருக்கு உதவுவதா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே 'பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை' என்று வள்ளுவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஐயா கூட்டி வந்தது பாதி வள்ளுவரைத்தான். 'அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை' என்ற முன்பாதியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தக் குறள் இருப்பதே அருளுடைமை அதிகாரத்தில். அருளைப் பற்றிச் சொல்லத்தான் வள்ளுவர் பொருளை உவமைக்கு எடுத்தார். எங்கள் பக்கத்துச் சாட்சியைத் தன் செலவில் கொண்டுவந்து இறக்கிய எதிரணிக்கு நன்றி.

அடுத்து வந்த தங்கை, "பசியோடு இருப்பவனிடம் எளிமையைப் பேசாதீர்கள்" என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன். பசிக்கு எளிமை என்று பெயர் வைக்க நான் வரவில்லை. கட்டாருக்கும் குவைத்துக்கும் போய் உழைத்த காசில் ஒழுகாத கூரை போட்ட தாயை யார் குறை சொல்ல முடியும்? நான் பேசுவது கூரை போட்ட பிறகு நடப்பதை. மகள் பெரியபிள்ளையானால், சாமத்திய வீட்டுக்கு வட்டிக்கு எடுத்துப் பந்தல் போடுகிறோம். அல்பம் வருவதற்கு முதலே கடன்காரன் வந்து படலையில் நிற்கிறான்.

விபுலாநந்த அடிகளைச் சொல்லாமல் இந்த மண்ணில் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் அவர். விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை விட்டுவிட்டுத் துறவுக்குப் போனவர். 1929இல் இதே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். "அவர் துறவி, எங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். அடிகளை விட்டுவிடுகிறேன். எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள்.

போன வருடம் நான் 55 அங்குல டீவி ஒன்று வாங்கினேன். 24 மாதத் தவணை. முதல் கிழமை நல்ல சந்தோசம், பொய் சொல்லக்கூடாது. மூன்றாம் மாதம் அது சுவரோடு சுவராகிவிட்டது. தவணை மட்டும் புதிதாகவே இருந்தது. ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். புருசனின் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போக வேண்டும், ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுத் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த நாள் எனக்குத் தவணை நாள். மாதச் சம்பளக்காரன் நான், கையை விரித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது டீவியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

காசு கொடுத்தது யார் தெரியுமா? சந்தியில் அப்பம் சுட்டு விற்கும் ஆச்சி. மாவுக் கையைத் துடைத்துவிட்டு, சேலைத் தலைப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நூறும் ஐந்நூறுமாகச் சுருண்டு, தேங்காய்ப்பால் மணக்கும் தாள்கள். எண்ணி முடிய, "இந்தா புள்ள, போய்ட்டு வா. எனக்கென்ன, அரிசி இருக்கு, தேங்கா இருக்கு" என்றார். நான் அப்பம் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நடுவர் அவர்களே, வருமானத்தில் ஆச்சி எனக்குக் கிட்டவும் வரமாட்டார். ஆனால் அன்றைக்குக் கொடுக்கக்கூடிய ஆள் அவர்தான், நான் அல்ல. என் சம்பளம் வருவதற்கு முன்பே யாருக்கோ சொந்தமாகிவிடுகிறது. தேவையைக் குறைத்து வைத்திருப்பவர் கையில்தான் அடுத்தவருக்கு நீட்ட ஏதாவது மிஞ்சுகிறது. எளிமை வேறு, உதவி வேறு என்று எதிரணி பிரித்துப் பிரித்துப் பேசியதே, அந்த முடிச்சுக்குள் இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தன?

ஆச்சி நாவலடிக்காரி. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வந்தபோது வீடும் போய், வீட்டில் இருந்த இரண்டு பேரும் போய், பள்ளிக்கூடத்து முகாமில் ஒரு பாயில் கிடந்தவர். யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் சமைத்த சோறும் பருப்பும் வாவிக்கு அக்கரையில் இருந்து பார்சலாக வந்ததை இன்றைக்கும் சொல்லுவார். பருப்பில் உப்புக் கூடவாம். அந்த உப்பையும் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். "அந்த ஐயாயிரம் திரும்பி வந்ததா?" என்று எதிரணி கேட்கும். வந்தது, மூன்று தடவையாக, வட்டியில்லாமல். கடைசித் தடவை கூடவே ஒரு சட்டி எருமைத் தயிரும் வந்தது. ஆச்சி அதில் பாதியை ஒரு கோப்பையில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

நன்றி, அமர்கிறேன்.