ஒற்றியூரில் படிப்பும் சோறும்

(திருவொற்றியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பின்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடலோரத்துக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டு வந்தவன் வெள்ளைக்காரன் என்று யாராவது சொன்னால், ஒற்றியூர்க்காரர்கள் தலையாட்டக் கூடாது. நம் தியாகராசர் கோயில் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், சோழர் ஆட்சியில், இங்கே இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தனி மண்டபமே இருந்தது. வியாகரணதான மண்டபம் என்று பெயர். நடந்த பாடம் பாணினியின் வடமொழி இலக்கணம். அதன் செலவுக்கு விட்ட நிலம் 65 வேலி. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 400 ஏக்கரைத் தாண்டும். இன்றைக்கு ஒரு பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வாங்க என்ன பாடு!

சரி, அங்கே யார் படித்தார்கள்? கூப்பிடு தூரத்தில் வலை உலர்த்திய வீட்டுப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்க வழியில்லை. என்னைக் கேட்டால், பள்ளி எப்போது வந்தது என்பதைவிட இந்தப் பிள்ளைகள் எப்போது வந்தார்கள் என்பதுதான் நம் ஊர்ப் பள்ளி வரலாறு.

அப்புறம் திண்ணைப் பள்ளிகள், மிஷன் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாம் வந்தன. வாசல் திறந்தது, வயிறு விடவில்லை. விடியற்காலையில் படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீன் பிரிக்கவும் கூடை தூக்கவும் பையன் வேண்டும். பள்ளிக்கூடம் சோறு போடுமா என்று தாய் கேட்டால் வாத்தியார் என்ன சொல்வார்?

பதில் சொன்னவர் நம் வடசென்னைக்காரர், கொருக்குப்பேட்டையில் பிறந்த பிட்டி தியாகராயர். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்க வழி செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பிறகு மேலும் 4 பள்ளிகளுக்குப் போனது. 5 பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு! தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளை அரசு கைவிரித்தது. 1925இல் திட்டம் நின்றது. காமராசர் வந்து மாநிலம் முழுக்க அடுப்பு மூட்டும்வரை முப்பது வருஷம்.

இன்றைக்குச் சோறு ஒரு சிக்கல் இல்லை. ஆனால் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். பள்ளி திறப்பதோ ஜூன் முதலில். இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீட்டில்தான் நோட்டு, செருப்பு, வேன் பணம், ஃபீஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. தனியார் பள்ளி நிர்வாகிகள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். குப்பத்துப் பிள்ளைகளிடம் முதல் தவணையை ஜூலை கடைசியில் வாங்கிக்கொள்ளுங்களேன்.