விரதம் இருங்கள், ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு இருங்கள்

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் பெருமக்களே, செவிலியர்களே, எனக்கு முன்னால் தூக்கத்தைப் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்த அம்மையார் அவர்களே, திரளாக வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தியபோது சொன்ன அன்பான வார்த்தைகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஏறும் எந்த மேடையிலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நீண்ட நாள் திரவ விரதத்தில் உடலுக்கு என்ன ஆகிறது, விரதத்தை முடிக்கும்போது என்ன ஆகிறது என்ற இரண்டையும் பேச வந்திருக்கிறேன்.

நான் சில வாரங்கள் திரவ உணவில் மட்டும் இருந்தேன். தண்ணீர், பழச்சாறு, வடிகட்டிய காய்கறிச் சாறு, மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமின்கள், உப்புகள், அவ்வளவுதான். முதல் சில நாட்களில் எடை மளமளவென்று இறங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று எனக்கு மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைக்கோஜன் கரையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். அப்புறம்தான் உடல் பெரும்பாலும் கொழுப்பை எரித்து ஓடத் தொடங்கும். அதிலிருந்து கல்லீரல் கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கும், மூளைகூட அதைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளும். பசி அடங்கியது. நாக்கில் வெள்ளையாக மாவு படிந்தது. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போது தொடை வெடவெடக்கும். சாறுகளில் புரதம் மிகக் குறைவு. உடல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இறங்கியது கொழுப்பு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கஸ் பார்பியேரி என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர். 1965-ல் டண்டீ நகர மருத்துவமனைக்கு வந்தபோது வயது 27, எடை சுமார் 207 கிலோ. குறுகிய காலம் பட்டினி இருந்து பார்க்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்றார். வாரங்கள் மாதங்களாகின. தேநீர், காபி, சோடாத் தண்ணீர், வைட்டமின்கள், ஈஸ்ட். வேறு எதுவும் இல்லை. ரத்தச் சர்க்கரை 30 மில்லிகிராம் அளவுக்குக் கிடந்தது, ஆனாலும் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார்! மலம் கழிப்பது 40 நாளுக்கு ஒருமுறை என்ற அளவுக்குப் போய்விட்டது. (சிரியுங்கள், மருத்துவ இதழிலேயே அச்சாகியிருக்கிறது.) ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மொத்தம் 382 நாள்! எடை 82 கிலோவுக்கு வந்தது. கடைசியில் ஒரு வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ஒரு துண்டு ரொட்டி, ஒரு கடுங்காபி, இவற்றோடு விரதத்தை முடித்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் எடை 90 கிலோவைத் தாண்டவில்லை.

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் இந்தக் கதையைப் பரப்புகிறவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. அவருக்குத் தொடர்ந்து ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தார்கள். இடையில் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பொட்டாசியம் கொடுத்தார்கள். மருத்துவர்கள் ஆழம் பார்த்துப் பார்த்துத்தான் அவரை அழைத்துப் போனார்கள். இதே உலகத்தில், 1970-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைத்தவர்களில் பலர் இதயத்துடிப்பு தடுமாறி இறந்துபோனார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால் நடப்பது இதுதான்.

விரதத்தின் ஆபத்தான கட்டம் அதை முடிக்கும் நேரம். நீண்ட பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழும்பும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் என்ற தாது உப்புகள் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் குறைந்துவிடும். தயமின் என்ற வைட்டமினும் வேகமாகச் செலவாகும். இதயம் தடுமாறலாம், மூச்சு திணறலாம், உயிரே போகலாம். இதை மருத்துவர்கள் ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்காதே என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. நான் மெதுவாகத்தான் முடித்தேன். அப்படியும் சில நாளில் கணுக்கால் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது, அந்தக் குழி மெல்லத்தான் நிரம்பியது. மருத்துவர் உடனே ரத்தம் எடுத்து பாஸ்பேட் பார்த்தார். சற்றுக் குறைவாக இருந்தது, சரிசெய்தார். பக்கத்தில் அவர் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

அதனால் தலைவர் அவர்களிடமும், மருத்துவர் பெருமக்களிடமும் என் கோரிக்கை இதுதான். திரவ விரத முகாம் நடத்துகிற யாராக இருந்தாலும், சேருகிறவரின் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. நடுவிலும் முடிக்கும் வாரத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். முகாம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில், எதை எவ்வளவு எப்போது சாப்பிடுவது என்று எழுதிக் கொடுத்தே அனுப்ப வேண்டும். இதைக் கட்டாயமாக்கச் சொல்லும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. இன்றே தீர்மானமாகவும் நிறைவேற்றித் தரும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.